வாசகர் கேள்வி – பதில்: ‘வாண்டாவிஷன்’ முடிந்த விதம் சரியா?

கேள்வி: ‘வாண்டாவிஷன்’ என்ற மார்வெல் சூப்பர் ஹீரோ தொடரை அண்மையில்தான் பார்த்து முடித்தேன். எட்டுப் பகுதிகள் கட்டிப்போட்டன. ஒன்பதாவது பகுதி வானத்தில் பறந்து மோதும் சண்டையாகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். ஆனால் கடைசியில் அழுதும்விட்டேன். இது நல்ல முடிவா, இல்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வருத்தம், கண்ணீர் இரண்டுமே நியாயமானவை. ஜாக் ஷேஃபர் எழுத்துக்குத் தலைமையேற்க, மாட் ஷாக்மன் இயக்கிய இத்தொடர் 2021 ஜனவரி 15 அன்று தொடங்கி மார்ச் 5 அன்று நிறைவடைந்தது. காதலனான செயற்கை மனிதன் விஷனைப் பறிகொடுத்த, மந்திரசக்தி படைத்த வாண்டா, துயரம் தாங்காமல் நியூ ஜெர்சியின் வெஸ்ட்வியூ என்ற சிற்றூரையே மந்திரச் சுவருக்குள் அடைத்து, சிறுவயதில் பார்த்து மகிழ்ந்த அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் சாயலில், ஊராரை வேடமேற்கவைத்து, மந்திரத்தால் உருவாக்கிய விஷனோடும் பிள்ளைகளோடும் அங்கே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறாள். கதையின் உயிர் அந்தத் துயரம்தான். ஆகவே இறுதிப் பகுதி துயரத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் உயர்கிறது. சாகசத்தின் பக்கம் திரும்பும்போது சாதாரணமாகிவிடுகிறது.

சண்டைகளிலும் இரண்டு இடங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். மந்திர எழுத்துகளைப் பொறித்த சூனியக்காரிக்கு மட்டுமே அந்த எல்லைக்குள் சக்தி உண்டு என்று, அண்டைவீட்டுக்காரியாக வேடமிட்டு வந்த சூனியக்காரி அகதா எட்டாம் பகுதியில் கற்றுத்தந்த பாடத்தை, வாண்டா ஊரைச் சூழ்ந்த சுவரிலேயே எழுதி அவளுக்கே திருப்பித் தருவது முறையாக விதைத்து அறுத்த விளைச்சல். அடுத்தது நூலகக் காட்சி. அரசு அமைப்பு மீண்டும் இயக்கிய வெள்ளை விஷனும் வாண்டா உருவாக்கிய விஷனும் மோதுவதை நிறுத்திவிட்டு, பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின் எஞ்சுவது கிரேக்கக் கதைநாயகன் தெசியஸின் பழைய கப்பல்தானா என்று வாதிட்டுப் பகையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நினைவுகளைத் திரும்பப் பெற்ற வெள்ளை விஷன் பறந்துபோகிறான். அதன்பின் தொடரில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது பெரிய குறை.

நீங்கள் அழுத இடம் எதுவென்று ஊகிக்க முடிகிறது. ஊரை விடுவிக்க வாண்டா முடிவெடுத்தபின் சுவர் உள்நோக்கிச் சுருங்கி, அதன் சிவப்பு ஒளி வீட்டை நெருங்கிவரும் வேளையில், தாயாகத் தன்னைத் தேர்ந்தெடுத்ததற்குப் பிள்ளைகளிடம் நன்றி சொல்லி அவர்களை உறங்கவைத்துவிட்டு வாண்டா கூடத்துக்கு வருகிறாள். விஷன் விளக்கை ஏற்றுகிறான். இருட்டில் விடைபெறுவது நல்லதல்ல என்று எங்கோ படித்ததாகச் சொல்லிவிட்டு, அப்படி எதையும் படிக்கவில்லை, அவளைத் தெளிவாகப் பார்க்க விரும்பியதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறான். சற்று நேரத்தில் வீடும் இல்லை, அவனும் இல்லை. வெறும் மனையில் வாண்டா மட்டும் நிற்கிறாள். எலிசபெத் ஓல்சனும் பால் பெட்டனியும் குரலை உயர்த்தாமலே நடித்திருக்கும் இந்தச் சில நிமிடங்களுக்காகவே இப்பகுதியை நான் மீண்டும் பார்த்தேன்.

கேள்வி: வாண்டாவின் அண்ணனாக நடிகர் எவான் பீட்டர்ஸ் வந்தது வெறும் ஏமாற்றுத்தானா?
– வாசகர், மதுரை

பதில்: ஆம், எனக்கும் அது ஏமாற்றமே. ‘எக்ஸ்-மென்’ படங்களில், வாண்டாவின் அண்ணன் பாத்திரத்தின் இன்னொரு வடிவமான குவிக்சில்வராக நடித்தவரையே அழைத்துவந்தால் இரண்டு திரையுலகங்களும் இணையப்போகின்றன என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அவர் ரால்ஃப் என்ற உள்ளூர்க்காரர் மட்டுமே என்று முடித்தது, விருந்துக்கு இலை போட்டுவிட்டுச் சோறு பரிமாறாத கதையாகிவிட்டது.

கேள்வி: ஊர்மக்களுக்காக வாண்டா செய்த தியாகம் அவர்களுக்கு ஒருபோதும் தெரியாது என்று அரசு அமைப்பைச் சேர்ந்த மோனிகா ஆறுதல் சொல்வது சரியா?
– வாசகர், சேலம்

பதில்: சரியல்ல. இந்த முடிவின் மிகப் பெரிய பலவீனம் அதுதான். அதே பகுதியில், மந்திரம் விலகிய சில நிமிடங்களில், அதுவரை டாட்டி என்ற பெயரில் நடமாடிய சாரா, அறையில் அடைபட்டிருக்கும் தன் மகளை வெளியே விட்டால் போதும், உங்கள் கதையில் அவளுக்குப் பிற பிள்ளைகளை வம்புக்கிழுக்கும் வேடம் தந்தாலும் பரவாயில்லை என்று வாண்டாவிடம் மன்றாடுகிறாள். உறங்கும்போதும் உன் கெட்ட கனவுகளே எங்களுக்கு வருகின்றன, விடுவிக்க மாட்டாயென்றால் சாகவாவது விடு என்று மக்கள் கதறுகிறார்கள். இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள், பறித்ததைத் திருப்பித் தந்ததற்குத் தியாகம் என்று பெயர் சூட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. வாண்டா வருத்தம் தெரிவிப்பதும் மோனிகாவிடம்தான். வெறுப்போடு பார்த்து நிற்கும் ஊராரிடம் அவள் ஒரு சொல்கூடப் பேசாமல் கடந்துபோகிறாள்.

அவர்களையெல்லாம் விடுவிக்க முடிவெடுத்த கையோடு, அகதாவை மட்டும் அக்கம்பக்கத்தில் மூக்கை நுழைக்கும் ஆக்னஸ் என்ற பழைய வேடத்துக்குள் அடைத்துவிட்டுப் போகிறாளே, அது எதற்கு? தான் ஓர் ஊருக்கே இழைத்த கொடுமையைத் தெரிந்தே மறுபடியும் ஒருத்திக்கு இழைக்கிறாள்; தொடரோ அதை அவளுடைய வெற்றியாகக் காட்டுகிறது. கேத்ரின் ஹான் முகத்தில் அந்தப் பழைய அசட்டுச் சிரிப்பு மீண்டும் படரும் நொடியில் எனக்கு உண்டானது அச்சம்தான்.