காட்டை ஐதாக்கினால் தீ குறையுமா?

எங்கள் காணிக்குப் பின்னால் காடு. சோளகம் (தென்மேல் கோடைக்காற்று) வந்தால் தீப்பயம். அமெரிக்காவில் இடையிடையே மரங்களை வெட்டி, நெருக்கம் குறைத்து ஐதாக்குகிறார்களாமே, நாங்களும் செய்யலாமா? (நெடுங்கேணி)

வேண்டாம். அங்கே மேற்குப் பக்கத்துப் பைன் காடுகள் அடிக்கடி தரைத்தீ பட்டே வளர்ந்தவை. நூறு வருடமாகத் தீயை அணைத்து அணைத்துச் சிறுமரங்கள் நெருங்கிவிட்டன. தீ அவற்றில் தொற்றி உச்சிக்கு ஏறுகிறது. அதனால்தான் அவற்றை வெட்டுகிறார்கள்.

பாலையும் வீரையும் நிற்கிற எங்கள் காடு வேறு. இரண்டும் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். அந்த நிழலே காவல். ஆவணியில் வீதியோரக் கினிப்புல்லைக் கசக்கிப் பாருங்கள், தூளாகும். அப்புறம் காட்டுக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள், புல்லே இராது. நிழலைத் திறந்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகும்; பின்னாலேயே கினிப்புல்லும் இலுக்குப் புல்லும் வரும். புல் எரிந்தால் பாலைக் கன்றுகள் கருகும், அடுத்த வருடம் அந்த இடத்திலும் புல்தான். பாலை மெதுவாக வளர்கிற மரம். போனால் பழத்தை நம்பியிருக்கிற கரடிக்கும் பறவைக்கும் உடனே ஈடு கிடையாது.

உங்கள் காணிக்குள், வேலியோரப் புல்லையும் சருகையும் சித்திரையிலேயே மண்வெட்டியால் செருக்கி வெறுந்தரையாக்குங்கள். காட்டுப் பக்கம் கத்தி வைக்காதீர்கள். அரசு ஒதுக்கிய காட்டில் மரம் வெட்டுவது 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டப்படி குற்றம். மிதிவெடி அகற்றி முடியாத இடமென்றால் மண்வெட்டியோடு இறங்கவே வேண்டாம். அங்கே தீப்பிடித்தாலும் அணைக்கப் போகாதீர்கள், அறிவித்துவிட்டு விலகி நில்லுங்கள்.

தேக்கந்தோட்டத்தையும் ஐதாக்கக் கூடாதா? (மாங்குளம்)

அது தாராளமாகச் செய்யலாம். தேக்கு கோடையில் இலை கொட்டும், அந்தச் சருகு நன்றாக எரியும். ஆனால் வெட்டிய கொப்புகளை அங்கேயே குவித்துவிட்டுப் போனால் வெட்டாமல் விட்டதைவிட மோசம். எடுத்துவிடுங்கள்.

பட்ட மரங்கள்?

நிற்கட்டும். ஆந்தைக்கும் கிளிக்கும் பொந்துத் தேனீக்கும் வீடு அதுதான். பாதையில் விழும்போல் நிற்பதை மட்டும் தறியுங்கள்.

மாட்டுக்குப் புதுப்புல் வர, பழம்புல்லைக் கொளுத்துவது வழக்கம். அது காட்டைப் பாதிக்குமா? (ஒட்டுசுட்டான்)

நிச்சயம் பாதிக்கும். வன்னியில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதே. மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் தேனுக்கும் வைக்கிறார்கள். சோளகக் காற்றில் நீங்கள் நினைத்த இடத்தில் அது நிற்காது. எரிந்த தரையில் மாரியின் முதல் மழை விழுந்தால் சாம்பலும் மேல்மண்ணும் குளத்துக்குத்தான் போகும். புல்லை அறுத்துப் போடுங்கள். கஷ்டமான வேலைதான், ஆனால் மாடு குடிக்கிற தண்ணீரும் அதே குளத்தில்தானே.