கேள்வி – பதில்: ஃப்ரூட் மெஷினில் போகிற காசு

கே: வெள்ளிக்கிழமை பப்புக்குப் போனால் ஃப்ரூட் மெஷினில் (காசு போட்டுப் படங்களைச் சுழலவிட்டு ஆடும் சூதாட்ட மெஷின்) எப்படியும் 40 பவுண்ட் போய்விடுகிறது. இழப்பைக் குறைக்க வழி உண்டா?
– வாசகர், ஹாரோ

ப: ஜெயிக்க வழியில்லை, குறைவாகத் தோற்க உண்டு. போட்ட பணத்தில் சராசரியாக எத்தனை சதவீதம் திரும்பி வரும் என்று மெஷினிலேயே குறிப்பு இருக்கும். 80 என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 1 பவுண்ட், நிமிடத்துக்கு 10 சுற்று என்று ஆடினால் மணிக்கு 600 பவுண்ட் பந்தயம். சராசரி நஷ்டம் 120. அதையே 25 பென்ஸில் ஆடினால் 30. நடுநடுவே கிளாஸைக் கையில் எடுத்து வேகத்தைப் பாதியாக்கினால் 15.

பந்தயம் கூடினால் சதவீதமும் கூடும் என்று சில மெஷின்கள் ஆசை காட்டும். 1 பவுண்டில் 90 சதவீதம் என்றாலும் சுற்றுக்கு 10 பென்ஸ் போகிறது. 25 பென்ஸில் 80 சதவீதம் என்றால் 5 பென்ஸ்தான்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடும் இடம். போட்ட காசு 'கிரெடிட்'டில் நிற்கும், ஜெயித்தது 'பேங்க்'கில் சேரும். கிரெடிட் தீர்ந்ததும் 'டிரான்ஸ்ஃபர்' பட்டன் மினுக்கும். 20 பவுண்டை ஒருமுறை ஆடி முடித்தால் சராசரியாக 16 மிஞ்சும். அதைத் திருப்பிப் போட்டால் 12.80, மறுபடியும் போட்டால் 10.24. மினுக்கினால் மினுக்கட்டும், 'கலெக்ட்'டை அழுத்துங்கள்.

கே: ரொம்ப நேரம் பரிசே தராத மெஷின் சீக்கிரம் கொட்டும் என்கிறார்களே?
– வாசகர், கிராய்டன்

ப: முழுக்கத் தற்செயலாக இயங்கும் மெஷினில் போன சுற்றுக்கும் வரும் சுற்றுக்கும் சம்பந்தமே இல்லை. முன்பு கொடுத்ததைக் கணக்கில் வைத்து வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கும் 'காம்பென்சேட்டட்' மெஷின்களும் பப்புகளில் உண்டுதான். ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மதியமே யாருக்காவது கொட்டியிருக்கலாம். இந்த வகையில், அடுத்து வரும் எண் பெரியதா (ஹை) சிறியதா (லோ) என்று ஊகிக்கும் ஹை-லோ ஆட்டமும் கண்துடைப்பாக இருக்கக்கூடும்: 2 நிற்கிறது, ஹை அழுத்துகிறீர்கள், 1 வந்து நிற்கிறது. எதைத் தேர்ந்தாலும் ஜெயிக்க முடியாத தேர்வைச் சில சமயம் தரக்கூடும் என்று அந்த மெஷின்களிலேயே எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, பப் மெஷினில் அதிகபட்சப் பரிசே 100 பவுண்ட். 150 விட்டவர் ஜாக்பாட் அடித்தாலும் 50 குறைவுதான்.

கே: வங்கி ஆப்பில் சூதாட்டத் தடை போட்டும் பணம் போகிறதே?
– வாசகர், லெஸ்டர்

ப: சூதாட்ட நிறுவனத்துக்கு கார்டில் நேராகச் செலுத்துவதைத்தான் அந்தத் தடை நிறுத்தும். ஏடிஎம்மில் நோட்டாக எடுத்தால் எதற்கென்று வங்கிக்குத் தெரியாது. கார்டை வீட்டில் வையுங்கள். ஃபோனில் உள்ள கார்டையும் நீக்குங்கள். குடிக்கவும் சாப்பிடவும் வேண்டிய பணம் ஒரு பையில், மெஷினுக்கு 5 பவுண்ட் சில்லறை இன்னொரு பையில். அந்த 5 தீர்ந்ததும் முதல் பையில் கை போகிறதென்றால் நேஷனல் கேம்ப்ளிங் ஹெல்ப்லைனைக் கூப்பிடுங்கள்: 0808 8020 133. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.