சேமநிதியும் வரியும்: சிங்கப்பூர், சுவீடன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சுவீடனின் நலத்திட்டங்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அங்கே வருமானத்தில் கணிசமான பங்கு வரியாகப் போய்விடுகிறது. சிங்கப்பூரில் வருமான வரியின் உச்ச விகிதமே 24 விழுக்காடுதான். ஆனாலும் இரு நாடுகளிலும் சராசரி ஆயுள் 83 ஆண்டுகளை ஒட்டியே இருக்கிறது. வீடும் மருத்துவமும் சிங்கப்பூரில் குறைவில்லை. அப்படியானால் நல அரசு என்பது வீண்செலவுதானே?

ர.

அன்புள்ள ர.,

வருமான வரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள ஊழியர் ஒரு வரம்புக்கு உட்பட்ட சம்பளத்தில் 20 விழுக்காட்டையும், அவருடைய முதலாளி 17 விழுக்காட்டையும் மாதந்தோறும் மத்திய சேமநிதியில் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தை நினைத்தபோது எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. ஆகவே இரண்டு அரசுகளுமே சம்பளத்தில் கைவைக்கின்றன. சுவீடனில் அது பெரும்பாலும் பொதுவில் சேர்கிறது, சிங்கப்பூரில் அவரவர் கணக்கில் சேர்கிறது.

உழைக்கும் காலம் முழுவதும் நல்ல சம்பளம் வாங்கியவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பிள்ளைகளை வளர்ப்பதற்காக வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய சேமநிதிக் கணக்கு மெலிந்திருக்கும். முதுமையில் கணவரையோ பிள்ளைகளையோ நம்பியாக வேண்டும். பிள்ளைகள் கைவிட்டால், 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, 60 வயதைக் கடந்தவர் அவர்கள்மீது நடுவர் மன்றத்தில் முறையிடலாம். பெற்ற பிள்ளைமீது வழக்குப் போட எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்? சுவீடனில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படியொரு சட்டக் கடமை இல்லை. முதியோர் பராமரிப்பு உள்ளூராட்சியின் பொறுப்பு. போதிய ஓய்வூதியம் சேராதவருக்கு உத்தரவாத ஓய்வூதியமும் உண்டு. மகன் மருமகளின் மனநிலையை அண்டியிராமல் முதுமையைக் கழிக்க முடிவதையே அந்நாட்டின் முதற்பெரும் சாதனையாக நான் கருதுகிறேன். குடும்பப் பாசம் இதனால் குறையும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிங்கப்பூரும் இந்த ஓட்டையை அறியாமலில்லை. 2015இல் மருத்துவக் காப்பீட்டை எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியதாக்கியது. மறு ஆண்டே, வாழ்நாளில் குறைவாகச் சம்பாதித்த முதியவர்களுக்குக் காலாண்டுதோறும் பணம் தரத் தொடங்கியது. அங்கே கட்டுமானத்தில் உழைக்கும் நம்மவர்கள் மட்டும் இன்றும் கணக்குக்கு வெளியேதான். வேலை அனுமதிச்சீட்டில் சென்றவருக்குச் சேமநிதி கிடையாது. அவருடைய முதுமைச் செலவு தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ உள்ள குடும்பத்தின் தலையில் விழுகிறது. நீங்கள் சொல்லும் சராசரி ஆயுளிலும் அவர் சேர்வதில்லை. அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் கொண்டு கணக்கிடப்படுவது. குறைந்த வரிக்கான விலையில் ஒரு பகுதியை இப்படி வேறொரு நாடு சுமக்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கான வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. சிங்கப்பூரிலோ குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் வாழ்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தமாக வாங்கியவர்கள். ஆனால் அதைச் சாதித்தது சந்தை அல்ல. 1966இன் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தைக் கொண்டு அரசே நிலத்தை எடுத்தது, அரசே கட்டியது, 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசே விற்றது; எந்த இனத்தவர் ஒரு கட்டடத்தில் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதையும் 1989 முதல் அரசே வரையறுக்கிறது. இந்த அளவுக்குக் குடிமக்களின் வீட்டுக்குள் நுழைய சுவீடன் அரசு துணிந்ததில்லை.