ஆறாவது வரும்வரை
வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: கும்பகோணத்தில் ஓய்வில் இருக்கும் வணிகவியல் ஆசிரியை

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' பற்றி வந்த கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கட்டு பெரிதாகிவிட்டது, இந்த முறை அதற்கே மொத்தப் பக்கமும். புதியவர்களுக்கு ஒரு வரி: டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில் வாளும் மந்திரமுமாக, கதை கூப்பிடும் பக்கம் போகாமல் நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம் என்பதுதான் இந்த கேம் வரிசையின் அழகு. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கே: டீச்சர், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது டீசர் வந்தது. இப்போது கல்லூரிக்கே வந்துவிட்டேன். கேம் மட்டும் வரவில்லை. இது நியாயமா? (ஈரோட்டிலிருந்து ஒரு மாணவர்)

ப: நியாயமே இல்லை. ஆனால் என் கோபம் தாமதத்தின் மேல் அல்ல, அந்த டீசரின் மேல்தான்.

2018 ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில், இந்த வரிசையைத் தயாரிக்கும் பெதஸ்டா நிறுவனத்தார் அதைக் காட்டினார்கள். மொத்தம் 36 விநாடி. மலை, கடலோரம், கொஞ்சம் மூட்டம், இசை, தலைப்பு. ஒரு மனித முகம்கூட இல்லை. காட்டுவதற்கு அவர்களிடம் அன்று வேறு எதுவும் இல்லை என்பதுதான் காரணம். அப்படியானால் ஏன் காட்டினார்கள்? அதே மேடையில் அவர்கள் விற்க வேண்டியிருந்தது 'ஃபால்அவுட் 76', பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடுவது. கூடவே செல்போனுக்கு ஒரு எல்டர் ஸ்க்ரோல்ஸ். தனியாக உட்கார்ந்து ஆடும் நம்மைப் போன்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்து, கையில் ஒரு மிட்டாய் கொடுத்து உட்காரவைத்தார்கள். இது என் கணிப்பு. இயக்குநர் டாட் ஹோவர்டே பிற்பாடு, இன்னும் சாதாரணமாக அறிவித்திருக்கலாம் என்று பேட்டியில் சொல்லிவிட்டார்.

இதே பெதஸ்டா நிறுவனம் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். இந்த வரிசையில் ஐந்தாவதான 'ஸ்கைரிம்' 2010 டிசம்பரில் அறிவிப்பு, 2011 நவம்பர் 11 அன்று கடையில். 'ஃபால்அவுட் 4' 2015 ஜூனில் காட்டி நவம்பரில் கொடுத்தார்கள். நான்காவதான 'ஆப்லிவியன்' மறுபதிப்பை 2025 ஏப்ரல் 22 அன்று அறிவித்து அன்றைக்கே விற்பனைக்கும் விட்டார்கள். காக்கவைக்காமல் தரத் தெரிந்தவர்கள்தான், இதில் மட்டும் கோட்டை விட்டார்கள்.

இப்போதைய நிலவரம்: தேதி அறிவிக்கவில்லை. அவர்களுடைய விண்வெளி கேம் 'ஸ்டார்ஃபீல்டு' 2023 செப்டம்பரில் வெளியானது. அதை ஒட்டித்தான் ஆறாவதின் முன்தயாரிப்பு முடிந்து வேலை தொடங்கிவிட்டது என்றார்கள். 2024 மார்ச்சில், இந்த வரிசையின் 30ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அலுவலகத்துக்குள் ஆரம்பகட்ட வடிவத்தை ஆடிப்பார்க்கிறோம் என்று ஒரு செய்தி. 2025 கடைசியில்கூட ஹோவர்ட், இன்னும் தூரம் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்கிற பாணியில்தான் பேசினார். நீங்கள் டிகிரியை முடியுங்கள்.

கே: ஒரு சினிமாவை இரண்டு வருடத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஒரு கேமுக்கு ஏன் இத்தனை காலம்? (சேலம் வாசகர்)

ப: சினிமாவில் கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் செட் போட்டால் போதும். இதில் ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார், எதை எடுப்பார், எதன் மேல் ஏறுவார் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் கண்ணெதிரே கடையைக் காலி செய்யலாம் என்று ஸ்கைரிமில் ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணை மறைத்துவிட்டதால் அவர் எதையும் பார்க்கவில்லை என்று கேம் கணக்குப் போட்டுக்கொண்டது!

ஸ்கைரிமின் முதல் காட்சியில் நம்மைக் கைதியாகக் குதிரை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். வண்டி தண்டவாளத்தில் போவது போல வழி பிசகாமல் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். எடை, மோதல் எல்லாம் கணக்கிட்டு நிஜமாகவே உருட்டினார்கள். தயாரிப்பின்போது அந்த வண்டி எப்போதாவது திடீரென்று உதறி, ராக்கெட் மாதிரி வானத்தில் பறந்துவிடும். எப்போதும் அல்ல, எப்போதாவது. அதனால் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு தேனீ! மருந்து காய்ச்சுவதற்காகத் தேனீயைக் கையால் பிடிக்கலாம். ஒரு பிழையால் பிடிக்க முடியாமல் போனது. அதைச் சரிசெய்தபோது தேனீ எதன் மீதும் மோதக்கூடிய பொருளாக மாறிவிட்டது. மோதினால் நகர வேண்டுமே, அதுதான் இல்லை. மலை மாதிரி நின்றது. தேனீ பாதையைக் கடக்கும் நேரம் பார்த்து வண்டி வந்தால் தீர்ந்தது. அங்கே வேலை பார்த்த நேட் பர்க்கிபைல் 2021இல் சொன்ன கதை இது.

ஸ்கைரிமைச் செய்தது சுமார் 100 பேர். இன்று அந்த ஸ்டூடியோவில் நானூறுக்கு மேல் ஆட்கள். ஆள் கூடினால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு கல்யாண வீட்டுச் சமையலறையைப் போய்ப் பார்க்கலாம்.

கே: இதற்காகவே புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். இப்போதே வாங்கலாமா? (ஓசூர் வாசகர்)

ப: வேண்டாம். கேம் வரும் மாதம் வாங்குங்கள். அதுவரை பணம் பேங்கில் வட்டி ஈட்டட்டும். வணிகவியல் டீச்சரிடம் கேட்டால் இதுதான் பதில்.

கே: இந்தக் கதை எந்த நாட்டில் நடக்கப்போகிறது? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (மதுரை வாசகி)

ப: பெரும்பாலோர் கைகாட்டுவது ஹேமர்ஃபெல், அதாவது பாலைவனமும் கடற்கரையும் உள்ள தேசம். 2020 டிசம்பர் 31 அன்று நிறுவனமே ஒரு வரைபடப் படத்தைப் போட்டது. மேலே மெழுகுவத்திகள் நின்ற இடத்தை வைத்து ஹேமர்ஃபெல், அதன் பக்கத்து தேசமான ஹை ராக் என்று ஆராய்ச்சி நடத்தினார்கள். அதிகாரபூர்வமாக எதுவும் சொல்லப்படவில்லை. 'கசிந்த காட்சி' என்று உலவும் வீடியோக்களில் நேரத்தை வீணாக்காதீர்கள். தயாரிப்பாளர்கள் காட்டிய அந்த 36 விநாடியையே ஒட்டியும் வெட்டியும் ஓட்டுகிறார்கள்.

கே: டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் டிராகன் வேட்டையாடுவது உங்களுக்கே கொஞ்சம் விசித்திரமாக இல்லையா? (பெயர் வேண்டாம் என்ற தஞ்சாவூர் வாசகர்)

ப: எங்கள் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்கிறார். "இன்னுமா அந்த மலையை ஏறிட்டிருக்கே?" என்பார். ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். கை விரல் மூட்டு வலிப்பதால் விசைப்பலகை போய் கன்ட்ரோலர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷர்லி கர்ரி என்ற அமெரிக்கப் பாட்டியைத் தெரியுமா? 1936இல் பிறந்தவர். ஸ்கைரிம் ஆடுவதை வீடியோவாகப் போட்டு லட்சக்கணக்கான பேரைச் சேர்த்தவர், எல்லாரையும் பேரப்பிள்ளைகளே என்றுதான் அழைப்பார். ஆறாவது பாகம் வரும்வரை தான் இருப்பேனோ என்று அவர் சொல்லப்போக, ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தி அவரைக் கேமுக்குள்ளேயே ஒரு பாத்திரமாக வைக்கச் சொன்னார்கள். 2019இல் நிறுவனம் சரி என்றது. அதனால் ஆறாவதில் நான் முதலில் தேடிப்போகப்போவது டிராகனை அல்ல, அந்த அம்மாவை.

கே: முந்தைய ஐந்தையும் ஆடியிருந்தால்தான் ஆறாவது புரியுமா? என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். (புதுக்கோட்டை வாசகி)

ப: தேவையில்லை. ஒவ்வொன்றும் தனிக்கதை. ஆப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவே கதைப்படி 200 வருடம் ஓடிவிடுகிறது. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனிலிருந்து தொடங்குங்கள்: 12 ஜிபி இடம், 8 ஜிபி ராம் கேட்கும். சுமாரான லேப்டாப்பாக இருந்தாலும் காட்சியின் தரத்தைக் குறைத்துவைத்து ஓட்டிப்பார்க்கலாம். ஆப்லிவியன் மறுபதிப்பு பக்கம் போகாதீர்கள், 120 ஜிபிக்கு மேல் விழுங்கும், உங்கள் லேப்டாப்பில் அடுப்புப் பற்றவைக்கலாம். இன்னொன்று, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குங்கள்.

கே: எல்லாருக்கும் பதில் சொல்கிறீர்கள். ஆறாவதில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? (நாகர்கோவில் வாசகர்)

ப: சின்ன மேப்.

சிரிக்காதீர்கள். இந்த வரிசையில் 1996இல் வந்த 'டேகர்ஃபால்' பிரிட்டன் அளவு நிலப்பரப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தது. ஊரும் கிராமமும் நிலவறையுமாக 15,000 இடங்கள். பெரும்பகுதி கம்ப்யூட்டரே சூத்திரம் போட்டு உண்டாக்கியது. ஓர் ஊரைப் பார்த்தால் நூறு ஊரைப் பார்த்த மாதிரி. அடுத்து 2002இல் 'மோரோவிண்ட்' வந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு தீவைக் கையால் செய்தார்கள். பெரிய காளான் மரங்களும் நண்டு ஓட்டுக்குள் கட்டிய ஊரும் மனதில் நிற்பது அதனால்தான். அந்தப் பாடத்தைப் படித்தவர்களே ஸ்டார்ஃபீல்டில் ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள் என்று திரும்பவும் ஆரம்பித்தார்கள். அதை நான் ஆடினேன், சண்டைகூட நன்றாகவே இருந்தது. ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது என்றால் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுப்பது, காத்திருப்பது, இறங்குவது. நடுவில் வழி என்று ஒன்று இல்லை. ஸ்கைரிமில் எனக்குப் பிடித்ததே அந்த வழிதான். பக்கத்து ஊருக்கு ஒரு கடிதம் கொடுக்கக் கிளம்புவேன். ஆற்றோரம் ஒரு குடிசை, உள்ளே ஒரு டைரி, டைரியில் ஒரு குகை. கடிதம் போய்ச் சேராது.

நரி விஷயம் தெரியுமா? ஸ்கைரிமில் நரியைத் துரத்தினால் புதையலுக்குக் கூட்டிப்போகும் என்று ஆடுபவர்கள் வெகுகாலமாக நம்பினார்கள். தயாரித்தவர்கள் யாரும் நரிக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2021இல் ஜோயல் பர்ஜஸ் என்ற முன்னாள் வடிவமைப்பாளர் விளக்கம் கொடுத்தார். விலங்குகள் நடப்பதற்காக நிலம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத முக்கோணங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரிதாக இருக்கும். முகாம், குகைவாசல், இடிந்த கோட்டை போன்ற இடங்களில் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும். நம்மைக் கண்டால் ஓடுவதுதான் நரியின் வேலை, ஆனால் எவ்வளவு ஓடினோம் என்பதை அது மீட்டரில் அளப்பதில்லை, முக்கோணங்களை எண்ணுகிறது. அதனால் முக்கோணம் நெருங்கிய பக்கமாகப் பார்த்து ஓடும், அதாவது மனிதர் கைபட்டு ஏதாவது வைத்திருக்கிற பக்கம். கையால் வேலை செய்த இடம் எது என்று நரிக்கே தெரிந்திருக்கிறது!

எனக்கு அந்த முக்கோணம் நெருங்கிய நிலம் வேண்டும். ஹேமர்ஃபெல்லோ ஹை ராக்கோ, ஒரே ஒரு கடற்கரை மாவட்டமாக இருந்தாலும் சரி. இன்னொரு கோரிக்கையும் உண்டு: எழுத்தைப் பெரிதாக்க வசதி வையுங்கள். கேமுக்குள் வரும் புத்தகங்களைப் படிக்கிறவள் நான். பூதக்கண்ணாடியும் கன்ட்ரோலரும் ஒரே நேரத்தில் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

கே: தமிழில் வருமா? (விழுப்புரம் வாசகர்)

ப: எதிர்பார்க்காதீர்கள். ஸ்கைரிமிலேயே 60,000 வரிக்கு மேல் வசனம், 70க்கு மேல் குரல் நடிகர்கள். போலந்து, ரஷ்ய, ஜப்பானிய மொழிகளுக்குச் செய்தார்கள், ஏனென்றால் அங்கே காசு கொடுத்து வாங்குகிற கூட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று கேட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் குறைந்துவிடும்.

கே: அதுவரை என்ன ஆடுவது? ஸ்கைரிம் சலித்துவிட்டது. (திருச்சி வாசகர்)

ப: மோட் போடுங்கள். ரசிகர்களே செய்து இலவசமாகத் தரும் மாற்றங்கள். ஜெர்மானியக் குழு ஒன்று ஸ்கைரிமை வைத்து 'எண்டெரால்' என்று புது நாடு, புதுக் கதை, புதுக் குரல்களோடு முழு கேமே செய்துவிட்டது. கதையைப் பொறுத்தவரை மூலத்தைவிட ஒரு படி மேல் என்பேன். இன்னொன்று 'தி ஃபர்காட்டன் சிட்டி'. ஆஸ்திரேலியர் ஒருவர் செய்த மோட், அந்த ஊர் எழுத்தாளர் சங்கத்தின் விருதையே வாங்கியது. 2021இல் தனி கேமாகவும் வந்தது. சண்டை குறைவு, யோசனை அதிகம். ஒரு வார இறுதிக்குப் போதும்.

கே: என் மகன் பத்தாம் வகுப்பு. "எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 வரும்வரை வேறு புது கேம் எதையும் தொடமாட்டேன், ஒழுங்காகப் படிப்பேன்" என்று சத்தியம் செய்திருக்கிறான். நம்பலாமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்)

ப: நம்பலாம், அம்மா. இப்போதைக்கு வருவதாக இல்லை, பன்னிரண்டாம் வகுப்புவரை அந்தச் சத்தியம் தாங்கினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் 'புது கேம்' என்றானே, அதைக் கவனியுங்கள். ஸ்கைரிம் 2011இல் வந்தது, அவன் கணக்கில் அது பழசு. தொடக்கத்திலேயே ஒருவரின் தலையை வெட்டும் காட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் 18 வயது முத்திரை போட்டு விற்றார்கள். அது அவன் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று இன்று ராத்திரி ஒரு பார்வை பாருங்கள்.