ஒரு பவுண்டு தானியம்

வணக்கம் சார்,

வயது 34. ஐ.டி. வேலை. எடை 86 கிலோ. போன மாதம் சோற்றை அடியோடு நிறுத்தினேன். முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தது. அப்புறம் மூன்று வாரமாக முள் நகரவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாப்பிடுவது அத்தனையும் கொழுப்பாகத்தான் போகும் என்கிறார் ஜிம் மாஸ்டர். கொழுப்பை எரிக்கும் பொடி ஒன்றையும் வாங்கச் சொல்கிறார். என் உடம்பு என்னை ஏமாற்றுகிறதா? கண்ணாடியில் வயிற்றைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. அம்மா "நம்ம குடும்ப வாகு அப்படித்தான்" என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டை உடம்பு எப்படிச் சேமிக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்று எளிமையாக எழுத முடியுமா?

ஆர்., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

உடம்பைப் பற்றி வரும் கடிதங்களுக்கு "டாக்டரைப் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி அமையவில்லை. 1876-78-ல் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் எப்படி எலும்பும் தோலுமாகச் செத்தார்கள் என்ற பக்கங்களுக்கு நடுவில் உங்கள் "அருவருப்பு" வந்து விழுந்தது. கோபம்தான் முதலில் வந்தது. அது கிடக்கட்டும், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

சோறு வயிற்றுக்குப் போனால் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் சேர்த்து எந்நேரமும் 5 கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸ் இருக்கிறது, ஒரு டீஸ்பூன் கணக்கு. ஒரு நல்ல தட்டுச் சோற்றிலோ 80 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் ரத்தத்திலேயே நின்றால் ஆள் தாங்க மாட்டான். இன்சுலின் சுரந்து அதை உள்ளே தள்ளுகிறது. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்று கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவத்தில் அடங்குகிறது. தசையில் போனது தசைக்கே, வெளியே வராது. கல்லீரலில் இருப்பதுதான் நீங்கள் தூங்கும்போது மூளைக்குப் படியளக்கிறது. எடையில் உடம்பில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத மூளை, ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும்.

கிளைக்கோஜன் தனியாகத் தங்காது. ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையாவது கூட்டி வைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தியதும் முதலில் காலியானது அந்தக் கையிருப்பு. அரைக் கிலோ கிளைக்கோஜன் கரைந்தால் கூடவே ஒன்றரைக் கிலோ தண்ணீரும் போகும். ஆக முதல் வாரம் உங்களைக் கொண்டாட வைத்த மூன்று கிலோவில் பெரும்பகுதி பாத்ரூமில் போனது. இப்போது முள் நகராததற்கு நீங்கள் இவ்வளவு நொந்துகொள்ளவும் வேண்டாம், அப்போது அவ்வளவு குதித்திருக்கவும் வேண்டாம்.

எட்டு மணிக் கதையை விடுங்கள். கொழுப்புச் செல்லுக்குக் கடிகாரம் பார்த்துக் கதவு திறக்கும் வேலை கிடையாது. சோறு நேராகக் கொழுப்பாக மாறுவதும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நடப்பதில்லை. சோறு கிடைத்தால் உடம்பு முதலில் அதை எரிக்கும். அந்த நேரத்தில், கூடச் சாப்பிட்ட வடையின் எண்ணெய் எரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பழி சோற்றுக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீடுகளில் அன்றாடத்துக்கு அரிசிப் பானை இருக்கும், வருஷத்துக்கு நெல் கொட்டிவைக்கும் குதிர் இருக்கும், யாரும் தொடக்கூடாத விதைநெல் தனியாக இருக்கும். உடம்பிலும் அதே ஏற்பாடுதான். கிளைக்கோஜன் பானை, ஒரு நாளில் வழித்துவிடலாம். கொழுப்பு குதிர். தசை விதைநெல். உங்கள் எடைக்கு 20 கிலோ கொழுப்பு இருக்கலாம். கிலோவுக்கு 7,700 கலோரி வீதம் ஒன்றரை லட்சம் கலோரி, இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து தின்னலாம். இதே ஆற்றலைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்க வேண்டுமானால் தண்ணீரோடு சேர்த்து 150 கிலோவை முதுகில் சுமந்துகொண்டு நீங்கள் ஜிம்முக்குப் போக வேண்டும். கொழுப்பு அதை 20 கிலோவில் முடித்துத் தருகிறது. இதைப் பார்த்தா உங்களுக்கு அருவருப்பு வருகிறது?

எங்கள் ஆச்சி, முழுப் பரீட்சை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் போய் இறங்கியதும், சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். "உங்கம்மை சோறு போடுதாளா இல்லையா?" லீவு முடிந்து கிளம்பும் அன்றைக்கு மறுபடி பார்ப்பாள். ஒரு விரல் போவதற்கே திணற வேண்டும். அப்போதுதான் முகத்தில் ஒரு திருப்தி வரும். வடித்த கஞ்சியை அவள் கீழே கொட்டி நாங்கள் பார்த்ததில்லை. அவளுக்கு அவளுடைய ஆச்சி சொன்ன கதைகள் தாது வருஷத்துக் கதைகள். அவற்றை எங்களிடம் அவள் முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "போய் விளையாடுங்க" என்பாள்.

1876-ல் மழை பொய்த்தது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பஞ்சத்தைப் பார்வையிட மதராஸுக்கு அனுப்பப்பட்டார். இந்த மனிதர் மூன்று வருஷம் முன்பு பிகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற வசவு. பாடம் படித்துக்கொண்டு தெற்கே வந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணாக் காசு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. டெம்பிள் கூலி என்று வரலாற்றில் பெயரே நின்றுவிட்டது.

ஒரு பவுண்டு என்பது 450 கிராம். அரிசியாகக் கணக்கிட்டால் 1,600 கலோரி. பஞ்ச விலையில் அந்த ஓரணா உப்பு, மிளகாய், விறகுக்குத்தான் காணும். வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு 3,000 கலோரியாவது வேண்டும். மிச்சம் 1,400 எங்கிருந்து வரும்? குதிரிலிருந்து. அந்தக் குதிர் வேலைக்கு வருவதற்கு முன்பே காலி. அப்புறம் விதைநெல். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு கிலோ தசையைக் கரைத்தால் ஆயிரம் கலோரிகூடத் தேறாது. பற்றாக்குறை முழுவதையும் அதிலிருந்தே எடுத்தால் நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரைய வேண்டும். எந்த உடம்பும் அதற்குச் சம்மதிக்காது. ஆகவே செலவைக் குறைக்கும். கை மெதுவாகும், பேச்சு குறையும், உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். மேஸ்திரியின் கண்ணுக்கு அது சோம்பல்.

இது தெரியாமல் நடந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் என்றொரு மருத்துவர், இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், வெறும் தானியம் மட்டும் கொடுத்தால் ஆகாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று டெம்பிளோடு மல்லுக்கட்டினார். மாகாண அரசு அந்த வருஷமே கூலியை ஏற்றவும் செய்தது. ஆனால் உள்ளே போகும் சோற்றை உறிஞ்ச வேண்டிய குடலே பட்டினியில் மெலிந்துபோன ஆளுக்கு, பிறகு ஊட்டினாலும் ஒட்டாது. பஞ்சம் முடிந்தபோது போன உயிர்கள் 50 லட்சத்துக்கு மேல்.

நீங்கள் சென்னைக்கு வந்தால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் நின்று கீழே பாருங்கள். பக்கிங்காம் கால்வாய், இப்போது சாக்கடை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டர் 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் மேல் ரயிலில் போகிறோம். மனிதத் தசையைக் கரைத்து வெட்டிய வாய்க்கால் என்று யாரும் ஒரு கல்வெட்டு வைக்கவில்லை, கவர்னர் பெயர்தான் வைத்தார்கள்.

ஏறக்குறைய 70 வருஷம் கழித்து அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் இதையே சோதனையாகச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள், ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு உதவட்டும் என்று தாங்களாகவே அரைப் பட்டினிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதம், நாளைக்கு 1,570 கலோரி. கிட்டத்தட்ட டெம்பிளின் பவுண்டேதான், மண்வெட்டி மட்டும் இல்லை. உடல் எடையில் கால் பங்கு போனது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55-லிருந்து 35-க்கு இறங்கியது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கோடையில் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார்கள். சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள்.

உங்கள் முள் நிற்பதில் இந்த விஷயமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. வரவு குறைந்ததும் செலவைச் சுருக்குகிறது உங்கள் உடம்பு. அதை ஏமாற்று என்கிறீர்கள். அந்த ஏமாற்றுத் தெரியாத உடம்புகள் 1877-ல் வாய்க்கால் கரையிலேயே விழுந்தன. தெரிந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் நாம், கண்ணாடி முன் நின்று முகம் சுளிக்கிறோம். அதற்காக இதையே சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் நாலு பரோட்டா சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குதிர் நிரம்பி வழிவதும் வியாதிதான். வெறுக்காமல் குறைக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன். வெறுத்துக் குறைத்தவர்கள் எல்லோரும் ஆறு மாதத்தில் பிரியாணிக் கடையில் சிக்குகிறார்கள், நானே பார்க்கிறேன்.

பொடி வேண்டாம். கொழுப்பை எரிப்பது நடையும் மூச்சும்தான். கரைந்த கொழுப்பில் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது, டப்பாவிலிருந்து வரும் எதுவும் அதற்குக் குறுக்குவழி போடாது. பளு தூக்குவதை விடாதீர்கள், தசை கரையாமல் நிற்க அது வேண்டும். சோற்றை மறுபடி ஆரம்பிக்கலாம், பாதித் தட்டு. மீதிக்குப் பருப்பும் கீரையும் இருக்கட்டும்.

உங்கள் அம்மா சொல்லும் குடும்ப வாகில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்கிறது. அதனால் வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் ஊர் ஆணுக்கு எச்சரிக்கை மணி. எடையை எழுதினீர்கள், பொடியின் விலை உட்பட எழுதினீர்கள் (நான் வெட்டிவிட்டேன்), இடுப்பளவை எழுதவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை என்று ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பார்த்தீர்களா என்பதைச் சொல்லவே இல்லை. பொடிக்கு எடுத்துவைத்த காசில் நாளைக் காலை வெறும் வயிற்றில் போய்ச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பிவிடாதீர்கள், எனக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரிடம் காட்டுங்கள்.