ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: லீவு உண்மையில் எவ்வளவு?

ஏப்ரலில் ஜப்பானின் ஒரு சிறிய ஊரில், நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியராகச் சேரப் போகிறீர்கள். அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், கோடை விடுமுறை 40 நாள் என்கிறார்களே, அதில் ஊருக்குப் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே வேலையில் பல வருடமாக இங்கே இருக்கிறேன். லீவைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

அந்த 40 நாள் மாணவர்களுக்கு. ஜூலை 20 வாக்கில் வகுப்பு முடிந்தால் ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பத் தொடங்கும், ஆனால் ஜப்பானிய ஆசிரியர்கள் நடுவிலும் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். உங்கள் நிலைமை, யார் உங்களை வேலைக்கு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஜப்பான் அரசு வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜெட் திட்டத்தில் வந்தாலோ ஊரின் கல்வி வாரியம் நேரடியாக எடுத்தாலோ பொதுவாக 12 மாதமும் சம்பளம் வரும், ஆனால் வகுப்பு இல்லாத நாளிலும் ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் லீவு போட வேண்டும். பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் தனியார் ஏஜென்சி மூலம் வந்தால் ஆகஸ்டில் பெரும்பாலும் வேலையே இருக்காது, ஆனால் பல ஏஜென்சிகள் அந்த மாதச் சம்பளத்தையும் வெட்டிவிடும். வாடகை மட்டும் அப்படியே இருக்கும். அந்த மாதம் தனியார் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வகுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், அரசுப் பள்ளி விசாவில் இருப்பவர் அதற்குக் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஆகஸ்ட் சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

சட்டப்படி கிடைக்கும் சம்பள லீவு, ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு 10 நாள். காய்ச்சல் வந்தால்கூட இதிலிருந்துதான் பலர் எடுக்கிறார்கள், அதனால் இரண்டு மூன்று நாளைக் கையில் வைத்திருங்கள். இது தவிர வருடத்துக்கு 16 தேசிய விடுமுறைகள். ஏப்ரல் 29, அப்புறம் மே 3, 4, 5 என்று வரும் கோல்டன் வீக்கிலும், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன் பண்டிகைச் சமயத்திலும் நாடே ஒரே நேரத்தில் கிளம்பும். ஊருக்குப் போவதாக இருந்தால் ஒபோன் கூட்டம் வடிந்த பிறகு டிக்கெட் பாருங்கள்.

உள்நாட்டிலேயே சுற்ற எனக்குப் பிடித்த வழி செய்ஷுன் 18 ரயில் சீட்டு. பள்ளி விடுமுறைக் காலங்களில்தான் விற்பார்கள், பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. தொடர்ந்து 3 நாளுக்கு 10,000 யென், 5 நாளுக்கு 12,050 யென், ஜேஆர் ரயில் நிறுவனங்களின் சாதாரண ரயில்களில் நாடு முழுக்கப் போகலாம். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏற முடியாது. மெதுவாகத்தான் போகும், ஆனால் பெயரே கேள்விப்படாத கடலோர ஸ்டேஷன்களில் இறங்கி ஏறும் சுகம் வேகமான ரயிலில் கிடைக்காது. திரும்பி வரும்போது ஆசிரியர் அறைக்குத் தனித்தனியாகப் பொதிந்த இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கி வாருங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

அன்றாடம் என்று பார்த்தால், காலையில் வாசலில் செருப்பை மாற்றுவதில் தொடங்கும், பள்ளிக்கென்று தனி ஜோடி வேண்டும். ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பு எடுப்பீர்கள். சிலர் பாதி வகுப்பை உங்களிடம் விட்டுவிடுவார்கள், சிலர் பாடத்தை வாசிக்க மட்டும் சொல்வார்கள், அது ஆளைப் பொறுத்தது. மதியம் மாணவர்களோடு வகுப்பறையிலேயே சாப்பாடு, அப்புறம் அவர்களே பள்ளியைக் கூட்டித் துடைப்பார்கள். நீங்களும் ஒரு துடைப்பத்தை எடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன்கள் அங்கேதான் பேசுவார்கள்.

ஆகஸ்டில் ஆசிரியர் அறையில் உட்கார வேண்டியிருந்தால் அதை வீண் என்று நினைக்காதீர்கள். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அந்த மாதத்தில்தான். ஜன்னலுக்கு வெளியே சில்வண்டு இரைச்சல், மாடியில் இசைக்குழு மாணவர்கள் ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இலையுதிர்காலப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒரு மாணவிக்கு 'வேர்ல்ட்' என்ற சொல் நாக்கில் நிற்கவே இல்லை. மேஜையில் தாளம் போட்டு, பிய்த்துப் பிய்த்துச் சொல்லி, ஒரு வாரம் கழித்துத் தன் தாத்தாவின் வயலைப் பற்றிய அந்தப் பேச்சை அவள் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தபோது பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பாடம் நடக்கும் மாதங்களில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு நேரம் கொடுக்க முடியாது.

தனிமை அதிகம் உறுத்துவது புத்தாண்டில். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை நகராட்சி அலுவலகம் மூடியிருக்கும், சக ஆசிரியர்கள் எல்லோரும் குடும்பத்தோடு இருப்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் பக்கத்து பௌத்த கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், 108 முறை மணி அடிப்பார்கள், பல இடங்களில் ஊர்க்காரர்களையும் அடிக்க விடுவார்கள். கோடைத் திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்க ஆள் கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் கடைத்தெருவில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும்.

பண விஷயத்தில் ஒன்று: நீங்கள் வசிக்கும் ஊருக்குக் கட்டும் குடியிருப்பு வரி போன வருட வருமானத்தை வைத்து வருவதால் முதல் வருடம் பெரும்பாலும் இருக்காது, அடுத்த வருடம் ஜூனில் தொடங்கும். அந்தத் தொகையை இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள். வீடு கிடைத்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதியுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால் செலவில் 30 சதவீதம்தான் நீங்கள் கொடுப்பீர்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வேலை நாட்காட்டிப் பகுதியையும் சம்பளப் பகுதியையும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.