அப்பாவுக்குத் தனித் தட்டு வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. வலங்கைமான் பக்கம் விவசாயம். ஹெபடைடிஸ் பி கிருமியால் ஈரல் சுருங்கி, அதில் 3 செ.மீ. புற்றுக்கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. ஊசி வழியாகச் சூடு வைத்துக் கட்டியைக் கருக்கிவிட்டார்கள். இரண்டு மாதமாக இட்லி, ரசம் சாதம், கஞ்சி மட்டும் கொடுக்கிறோம். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறார். வயலுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறார். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?
- ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, அப்பா மெலிவதை அவருடைய டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், நோயோடு சேர்ந்து பத்தியமும் அவரை இளைக்க வைக்கிறது என்றே நினைக்கிறேன்.

நல்ல ஈரல் ராத்திரிக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். சுருங்கிய ஈரலால் அது முடியாது. நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் என்ன நடக்குமோ, அது அவருக்கு ஒரே ராத்திரியில் நடந்துவிடுகிறது. உடம்பு தன் சதையையே கரைத்துச் செலவழிக்கிறது. ஈரல் தளர்ந்தால் ரத்தத்தில் சேரும் அம்மோனியாவை அகற்றுவதில் பெரும் பங்கைத் தாங்குவதும் இந்தச் சதைதான். அதனால் சதை கரைவது அவருக்கு இரட்டை நஷ்டம்.

அவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். இட்லி, ரசத்தில் அதில் பாதிகூடத் தேறாது. முட்டை, விரால், கெண்டை, தயிர் எல்லாம் கொடுங்கள். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே தெளிக்கிறீர்களே, அந்த உளுந்தும் பச்சைப்பயறும் இருக்கிறதே! படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் சுண்டலும் மறக்கவே கூடாது. காலில் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சே ஈரல் புற்றுக்கு ஒரு காரணம்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் தட்டில், பேரப்பிள்ளைகள் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருந்தார்கள். "அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துத்தான் சோறு இறங்காமல் போச்சு டாக்டர்" என்றார். ஹெபடைடிஸ் பி சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருந்தால் போதும். தட்டைப் பிரிப்பதை விட்டுவிட்டு, அம்மாவும் பிள்ளைகளும் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் 6 மாதத்தில் 3 தடுப்பூசி போட வேண்டும். கிருமி இருக்கிறது என்று வருபவருக்கு இப்போதே ஈரலைப் பார்க்க வேண்டும்.

வயலுக்குத் தாராளமாகப் போகட்டும். வரப்பில் நடப்பது அவர் சதைக்கு நல்லது, மனசுக்கு அதைவிட நல்லது. சேற்றில் மட்டும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சலும், சேற்று மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் இப்படிப்பட்டவர்களைக் கடுமையாகத் தாக்கும். முழங்கால் வரை பூட்ஸ் போடச் சொல்லுங்கள். மருந்தடிப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

கீழாநெல்லி வேண்டாம். அது கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீந்தில் என்ற இன்னொரு மூலிகையைச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் கூடாது. ஹெபடைடிஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஒரு கட்டி போனாலும் சுருங்கிய ஈரலில் இன்னொன்று வரலாம் என்பதால், டாக்டர் குறிக்கிற தேதியில் ஸ்கேன் தவறக் கூடாது. முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள்.

காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். தார் போலக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரியில் உளறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.